ரிசல்ட் மாதம்: டீச்சரிடம் கேளுங்கள்

(ராயபுரத்தில் 27 வருடம் பாடம் நடத்தி ஓய்வு பெற்ற ஆசிரியை, பெற்றோரும் பிள்ளைகளும் கேட்டவற்றுக்குச் சொன்ன பதில்கள்.)

காசிமேட்டிலிருந்து ஓர் அப்பா: டீச்சர், நான் விசைப்படகில் போகிறவன். மீன்பிடித் தடைக்காலம் என்பதால் வீட்டில்தான் இருக்கிறேன். பையன் பிளஸ் டூ ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிறான். நான் உள்ளே வந்தாலே மாடிக்குப் போய்விடுகிறான். ஒருநாள்கூட அவனை அடித்ததில்லை.

அண்ணே, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை. நடுவில், மே மாதத்தில் ரிசல்ட். நம் பக்கத்தில் வருஷா வருஷம் இவை இரண்டும் ஒன்றாக வந்து நிற்கும். கையில் காசு புரளாத நேரம், அப்பா நாள் முழுக்க வீட்டில். நீங்கள் திட்டவே வேண்டாம். “நான் படுற பாடு உனக்கு வேணாம்டா” என்று பாசமாகத்தான் சொல்லியிருப்பீர்கள். அவனுக்கு அது கடன் கணக்காகக் கேட்கும்.

என் வகுப்பில் ஒரு பையன் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் வரிசையாக எழுதி வைத்திருந்தான்: டியூஷன் 10 மாசம், கைடு, அக்கா வளையல். கூட்டி, அடியில் இரண்டு கோடு. “இதை எப்ப டீச்சர் திருப்பித் தர்றது?” என்றான். வயது 16.

கொஞ்ச நாளைக்கு மார்க் பேச்சை விடுங்கள். வலை சரிபார்க்கும்போது கூடமாட உதவிக்குக் கூப்பிடுங்கள். கைக்கு வேலை இருந்தால் பையன்கள் தானாகப் பேசுவார்கள். எதிரே உட்கார வைத்துக் கேட்டால் “ஒண்ணுமில்ல” என்பதோடு சரி. அப்புறம், ரிசல்ட்டுக்கு முன்பே சொல்லிவிடுங்கள்: “எவ்வளவு வந்தாலும் அன்னிக்கு மதியம் எல்லாரும் ஒண்ணா சாப்பிடுறோம்.” வந்தபின் சொன்னால் அது ஆறுதலாகிவிடும்.

கொருக்குப்பேட்டை: ரிசல்ட் அன்று சொந்தக்காரர்கள் போன் போட்டு “எவ்வளவு?” என்பார்களே?

“பாஸ்” என்றால் போதும். மாநில ரேங்க் பட்டியலை அரசே 2017-இல் நிறுத்திவிட்டது. நம் தெருவில்தான் இன்னும் வெளியிடுகிறோம். பிளஸ் டூ மொத்தம் 600 ஆனது தெரியாமல், 480 என்றதும் பழைய 1200-க்குக் கணக்குப் போட்டு உச்சுக் கொட்டும் பெரியப்பாவும் ஒருவர் இருப்பார்.

பெரம்பூரிலிருந்து ஓர் அம்மா: மகள் நீட்டுக்கு இரண்டாம் வருடம் படிக்கிறாள். ராத்திரி 2 மணி வரை முழித்திருக்கிறாள். டெஸ்ட் நாளில் வயிற்று வலி. டாக்டர் ஒன்றுமில்லை என்கிறார்.

வலி நிஜம்மா, நடிப்பில்லை. பயம் சில பிள்ளைகளுக்கு வயிற்றில்தான் தெரியும். இந்த வயதுக்கு 8 மணி நேரத் தூக்கமாவது வேண்டும். படித்தது மனதில் தங்குவதே தூக்கத்தில்தான். முதலில் 11 மணிக்கு விளக்கை அணையுங்கள். டாக்டராவது அவள் ஆசையா, வீட்டு ஆசையா என்பதை ஒரு டெஸ்ட் முடிந்த மறுநாள் சாவகாசமாகக் கேளுங்கள். பி.பார்ம் மாதிரி பிளஸ் டூ மார்க்கில் சேரும் படிப்புகள் உண்டு. அதைச் சொல்லும்போது “இல்லேன்னா இதுதான்” என்ற தொனி மட்டும் வேண்டாம்.

எண்ணூர்: போனைப் பிடுங்கி வைக்கலாமா?

ராத்திரி மட்டும். உங்கள் போனையும் சேர்த்து.

வியாசர்பாடி, பத்தாம் வகுப்பு மாணவி: கணக்கில் போய்விடும் டீச்சர். வீட்டில் முகத்தைக் காட்ட முடியாது. இருந்து என்ன என்று தோன்றுகிறது.

கண்ணு, கணக்கு அப்புறம். உன் கடைசி வரிதான் முதலில். இப்போதே 14416-க்குப் போன் போடு; அது அரசின் மனநல உதவி எண். காசு கிடையாது, எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். அரசின் மருத்துவ உதவி எண் 104-ம் இருக்கிறது. இன்று ராத்திரி தனியாக இருக்காதே; அம்மா பக்கத்தில் படுத்துக்கொள். நேரில் பார்க்க ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது. ஜுரத்துக்குப் போகிற மாதிரிப் போகலாம்.

இதைப் படிக்கும் பெற்றோருக்கும் ஒன்று: பிள்ளை இப்படிப் பேசினால் “சாகணும்னு தோணுதா?” என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. கேட்டபின் குறுக்கே பேசாதீர்கள்.

கணக்குக்கு வருவோம். போனாலும் அதே வருஷம் துணைத் தேர்வு உண்டு. 35 எடுத்தால் இந்த வருஷமே பிளஸ் ஒன். அம்மாவிடம் சொல்ல வாய் வரவில்லையென்றால், எனக்கு எழுதியதை அப்படியே அவரிடம் காட்டு.