ரிஜிஸ்டர்டு ஏஜென்ட்: கட்ட வேண்டிய காசும் கட்ட வேண்டாத காசும்

கே: ஆன்லைனில் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். டெக்சஸில் எல்எல்சி (கம்பெனி கடனுக்கு உரிமையாளரின் சொந்தச் சொத்தை இழுக்காத கம்பெனி வகை) பதிவு செய்யும் படிவம் ‘ரிஜிஸ்டர்டு ஏஜென்ட்’ யார் என்று கேட்கிறது. ஒரு கம்பெனி அதற்கு வருடம் 149 டாலர் கேட்கிறது. கட்டித்தான் ஆகணுமா?
– வாசகி, ப்ளேனோ

ப: வேண்டாம். கம்பெனி மேல் யாராவது வழக்குப் போட்டால் சம்மனை வாங்கிக்கொள்ளவும், மாநில அரசின் கடிதங்களைப் பெற்றுக்கொள்ளவும் ஒருவர் வேண்டும். அவர்தான் ஏஜென்ட். டெக்சஸில் குடியிருந்து, தெரு முகவரி வைத்திருந்து, அலுவலக நேரத்தில் அங்கே இருப்பவர் யாரும் ஆகலாம். நீங்களே ஆகுங்கள். உங்கள் பெயரைப் போடுங்கள், கம்பெனி பெயரைப் போடாதீர்கள். எல்எல்சி தனக்குத் தானே ஏஜென்ட் ஆக டெக்சஸ் விடாது.

இரண்டு விஷயம் யோசித்துக்கொள்ளுங்கள். வீட்டு முகவரி அரசுப் பதிவேட்டில் எல்லார் கண்ணுக்கும் தெரியும். கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போனால் கதவைத் திறக்க ஆள் இருக்காது. இந்த இரண்டில் ஒன்று உறுத்தினாலும் காசு கட்டி ஆள் வையுங்கள். அப்போதும் 149 அதிகம், விசாரித்தால் குறைவாகவே கிடைக்கும்.

கே: ஏஜென்ட் முகவரியாக பி.ஓ. பாக்ஸ் கொடுக்கலாமா?
– வாசகர், ஆஸ்டின்

ப: கூடாது.

கே: நியூ ஜெர்சி வீட்டிலிருந்து ஐ.டி. கன்சல்டிங் செய்கிறேன், வாடிக்கையாளர்களும் இங்கேதான். நண்பர்கள் சொன்னதால் டெலவேரில் எல்எல்சி தொடங்கினேன், வரி மிச்சம் என்றார்கள். இப்போது நியூ ஜெர்சியிலும் பதிவு செய்யணும் என்கிறார் கணக்காளர். இரண்டு ஏஜென்ட் வேண்டுமா?
– வாசகர், எடிசன்

ப: வேண்டும். உங்கள் கணக்காளர் நல்லவர், நண்பர்களை மாற்றுங்கள்.

கல்யாண வீடு, பொங்கல் விழா, கிரிக்கெட் மைதானம், எங்கே போனாலும் இந்த டெலவேர் ஜுரம்தான். ஒருவர் சொல்வார், பத்துப் பேர் கிளம்புவார்கள். டெலவேருக்கு மதிப்பு இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. கம்பெனி வழக்குகளுக்கென்றே தேர்ந்த நீதிபதிகள் உட்காரும் சான்சரி கோர்ட் அங்கே இருக்கிறது. வென்ச்சர் கேபிடல் முதலீட்டாளர்களும் டெலவேர் கார்ப்பரேஷனைத்தான் கேட்பார்கள். அப்படி முதலீடு தேடுகிறவர் போகட்டும். ஒற்றை ஆள் கன்சல்டிங்குக்கு அது எதற்கு?

வரி மிச்சம் என்பது கதை. ஒரே முதலாளி உள்ள எல்எல்சியின் வருமானம் உங்கள் தனி வருமானமாகத்தான் கணக்காகும், நீங்கள் வாழ்ந்து வேலை செய்யும் நியூ ஜெர்சி அதற்கு வரி கேட்கும். இந்தப் பக்கம் செலவைப் பாருங்கள். டெலவேருக்கு வருடா வருடம் ஜூன் 1-க்குள் 300 டாலர், தவறினால் 200 டாலர் அபராதமும் மாத வட்டியும். அங்கே உங்களுக்கு வீடு இல்லாததால் கட்டண ஏஜென்ட். நியூ ஜெர்சியில் வெளிமாநிலக் கம்பெனியாகப் பதிய 125, ஆண்டறிக்கைக்கு 75. நேரே நியூ ஜெர்சியில் தொடங்கியிருந்தால் இதே 125, இதே 75, ஏஜென்ட் நீங்களே. கலிபோர்னியாவில் உட்கார்ந்துகொண்டு வயோமிங்கில் எல்எல்சி தொடங்குகிறவர்களும் இதைக் கேட்டுக்கொள்ளட்டும். வருடக் கட்டணம் 800 டாலரைக் கலிபோர்னியா விடாது. மிச்சம் பிடிக்கப் போய் இரண்டு மாநிலத்துக்குப் படியளக்கிறார்கள்.

கே: ஃப்ளோரிடாவில் எல்எல்சி பதிந்த சில நாளில் முத்திரையெல்லாம் போட்டு ஒரு கடிதம் வந்தது. ‘சர்டிஃபிகேட் ஆஃப் ஸ்டேட்டஸ்’ கட்டாயம் என்று நினைத்து நூறு டாலருக்கு மேல் அனுப்பிவிட்டேன். ஏமாந்தேனா?
– வாசகி, டாம்பா

ப: ஏமாற்றப்பட்டீர்கள் அம்மா. அந்தக் கடிதத்தை அரசுக் கடிதம் மாதிரியே தயாரிப்பதுதான் அவர்கள் தொழில். புதிதாகப் பதிவாகும் கம்பெனிகளின் பெயரும் முகவரியும் எல்லாரும் பார்க்கும் பதிவேட்டில் இருப்பதால், அங்கிருந்து எடுத்து எழுதுகிறார்கள். ‘நாங்கள் அரசு அலுவலகம் அல்ல’ என்று எங்கோ ஒரு மூலையில் பொடி எழுத்தில் இருக்கும். கம்பெனி நடப்பில் இருக்கிறது என்று காட்டும் சான்றிதழ் அது, கட்டாயமில்லை. வேண்டுமென்றால் எல்எல்சிக்கு மாநிலமே 5 டாலருக்குத் தருகிறது.

கார்டில் கட்டியிருந்தால் இன்றே வங்கியைக் கூப்பிட்டு ஆட்சேபம் சொல்லுங்கள். மாநில அட்டர்னி ஜெனரலுக்கும் தபால் துறையின் புலனாய்வுப் பிரிவுக்கும் புகார் அனுப்புங்கள். உறையைத் தூக்கிப் போடாதீர்கள். உண்மையில் கட்ட வேண்டியது ஆண்டறிக்கைக் கட்டணம் 138.75 டாலர். மே 1 தாண்டினால் 400 டாலர் கூடும்.

கே: ஹூஸ்டனில் நண்பரை ஏஜென்டாகப் போட்டிருந்தேன். அவர் அட்லாண்டா போய் இரண்டு வருடம் ஆகிறது. என் மேல் சப்ளையர் வழக்குப் போட்டு, நான் வராததால் எனக்கு எதிராகத் தீர்ப்பும் வந்துவிட்டதாம். எனக்கு யாரும் சொல்லவே இல்லை.
– வாசகர், கேட்டி

ப: சொல்வதற்கு வைத்த ஆளைத்தான் ஊரை விட்டு அனுப்பிவிட்டீர்களே. டெக்சஸில் ஏஜென்டை மாற்றும் படிவத்துக்கு 15 டாலர், படிவம் எண் 401. ஏஜென்ட் அகப்படவில்லை என்றால் வழக்குப் போட்டவர், கம்பெனிகளைப் பதியும் மாநில அதிகாரியான செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட் வழியாகவே சம்மன் அனுப்பலாம், சட்டப்படி அது செல்லும். தீர்ப்பை ரத்து செய்யக் கேட்க நாள் கணக்கு ஓடுகிறது. இந்தப் பத்தியை மூடிவிட்டு வக்கீலைக் கூப்பிடுங்கள்.

கே: சென்னையிலிருந்தே வயோமிங் எல்எல்சி: ஏஜென்ட், ஈஐஎன், கம்பெனி முத்திரை எல்லாம் சேர்த்து ஒரே பேக்கேஜ். வாங்கலாமா?
– வாசகர், வேளச்சேரி

ப: ஏஜென்டுக்கு மட்டும் கொடுங்கள். ஈஐஎன் என்பது கம்பெனியின் வரி அடையாள எண், அமெரிக்க வரித்துறையான ஐஆர்எஸ் அதை இலவசமாகத் தருகிறது. முத்திரை? தங்க எழுத்து ஃபைலோடு நானும் ஒன்று வாங்கினேன், இன்றுவரை எந்த அலுவலகமும் அதைக் கேட்கவில்லை. பேக்கேஜ்காரர் சொல்லாததைக் கேளுங்கள்: வெளிநாட்டவர் ஒருவரே உரிமையாளராக உள்ள எல்எல்சி, உரிமையாளருக்கும் கம்பெனிக்கும் இடையே போய்வரும் பணத்தைக் காட்டும் படிவம் 5472-ஐ ஐஆர்எஸ்ஸிடம் தாக்கல் செய்ய வேண்டும். விட்டால் அபராதம் 25,000 டாலரில் தொடங்குகிறது. ரிசர்வ் வங்கியின் வெளிநாட்டு முதலீட்டு விதிகளும் உங்களைப் பிடிக்கும். முதலில் ஒரு ஆடிட்டரைப் பாருங்கள் தம்பி.

கே: முதல் வருடம் ஏஜென்ட் இலவசம் என்கிறார்களே?
– வாசகி, டெலவேர்

ப: இரண்டாம் வருடம் எவ்வளவு, கார்டில் தானாகப் பிடிப்பார்களா என்று எழுத்தில் வாங்குங்கள். அந்தக் கணக்கு ஒத்துவராவிட்டால் புதிய ஏஜென்டை மாநிலத்தில் பதிந்த பிறகே பழையவரை நிறுத்துங்கள். அவர் முறைப்படி விலகி, 30 நாளுக்குள் நீங்கள் வேறொருவரைக் காட்டாவிட்டால் டெலவேர் எல்எல்சியையே ரத்து செய்துவிடும்.