வெளிச்சமும் வெளுப்பும்

வணக்கம் ஐயா,

களுவாஞ்சிகுடியில் கலியாண வீடு, சாமத்திய வீடுகளுக்குப் படம் எடுத்துக் கொடுக்கிறேன். நண்பர்களோடு சேர்ந்து இருபது நிமிடக் குறும்படம் ஒன்றும் எடுத்து வருகிறோம். அக்கா தங்கை கதை. அக்கா கறுப்பு, தங்கை சிவலை. நிறத்தால் அக்காவின் கலியாணம் தள்ளிப்போகிறது. கடைசியில் அவள் பவுடர் பூசிக்கொண்டு கண்ணாடி பார்த்து அழுவாள்.

கல்லடிப் பாலம் பின்னால் தெரிய, பின்னேரம் ஐந்தே முக்காலுக்கு இரண்டு பேரும் நின்று கதைக்கிற காட்சியைப் போட்டுப் பார்த்தோம். வெள்ளைச் சட்டை போட்ட தங்கச்சியின் முகம் நன்றாக விழுந்திருக்கிறது. அக்காவுக்குக் கண்ணும் பல்லும்தான் தெரிகிறது. கமரா பிடித்த அண்ணா, "கறுப்புத் தோல் கமராவுக்கு ஏறாது, அது விஞ்ஞானம்" என்கிறார். குழுவில் இன்னொருவர், கமராவே வெள்ளைக்காரருக்காகச் செய்தது, இது இனவாதம் என்று சண்டைக்கு வருகிறார். யார் சொல்வது சரி?

ஸ்டூடியோவிலும் இதே கதைதான். "பிள்ளையக் கொஞ்சம் வெள்ளையாக்கித் தாங்க" என்று கேட்காத தாய் இல்லை. செய்து கொடுப்பதா, மறுப்பதா?

க., களுவாஞ்சிகுடி


அன்புள்ள க.,

இரண்டு பேர் சொல்வதிலும் பாதிப் பாதி உண்மை இருக்கிறது. ஆனால் உங்கள் காட்சி கெட்டதற்கு முதற்காரணம் அந்த இரண்டும் இல்லை, நீங்கள் நின்ற திசை. மட்டக்களப்பின் கல்லடி, கடலுக்கும் வாவிக்கும் நடுவே கிடக்கும் நிலம். பின்னேரச் சூரியன் வாவிப் பக்கம் இறங்கும். பாலமும் வாவியும் பின்னால் தெரிய ஆட்களை நிறுத்தினால், அந்த நேரத்தில் அவர்களுக்குப் பின்னால் இருப்பது எரிகிற வானமும் தண்ணீரில் விழுந்த அதன் பிம்பமும். முகத்துக்குக் கிடைப்பது மிச்சம் மீதி.

கமராவின் ஒளிமானி, தன் முன்னால் உள்ளதெல்லாம் சராசரியாக நடுத்தரச் சாம்பல் நிறம், அதாவது விழும் ஒளியில் ஏறத்தாழ 18 விழுக்காட்டைத் திருப்பித் தருவது என்று எண்ணிக்கொண்டே அளக்கும். வானமும் வெள்ளைச் சட்டையும் உள்ளே வந்தால் வெளிச்சம் மிஞ்சிவிட்டது என்று முழுப் படத்தையும் இறக்கிவிடும். வெள்ளைத் துணி 90 விழுக்காடு வரை திருப்பித் தரும். சிவலைத் தோல் சுமார் 36. நல்ல கறுப்புத் தோல் பத்துக்கும் கீழே. 36, 18, 9 என்று பாதி பாதியாக இறங்கிப் பாருங்கள்: அக்காவுக்கும் தங்கைக்கும் இடையில் இரண்டே ஸ்டொப் (ஒளி இரட்டிப்பாவதோ பாதியாவதோ ஒரு ஸ்டொப்). இன்றைய சாதாரணக் கமராவே பத்து ஸ்டொப்புக்கு மேல் தாங்கும்போது இது ஒரு இடைவெளியே இல்லை.

வானத்துக்காக எல்லாவற்றையும் இறக்கியதில்தான் அக்காவின் முகம் அடித்தட்டில் போய் விழுந்தது. டிஜிற்றல் பதிவில் அடித்தட்டு எப்போதும் ஏழை. 14 பிட் றோ கோப்பில் (கமரா பதப்படுத்தாமல் பதியும் மூலக் கோப்பு) இருக்கும் 16,384 படிகளில் சரிபாதியை, 8,192ஐ, மேலே உள்ள ஒரேயொரு ஸ்டொப் எடுத்துக்கொள்ளும். அடுத்ததற்கு 4,096. இப்படியே இறங்கி ஆறாவதற்கு வரும்போது மிச்சம் 256. அதோடு, வீடியோவைச் சுருக்கும்போது முதலில் வெட்டுப்படுவதும் இருட்டில் இருக்கிற நுணுக்கம்தான். பிறகு கணினியில் எவ்வளவு தூக்கினாலும் முகம் வராது, குறுணியும் கட்டம் கட்டமான திட்டும்தான் வரும். "ஏறாது" என்று அண்ணா சொல்வது இந்தத் திட்டைப் பார்த்துத்தான்.

அவரிடம் ஒன்று கேளுங்கள். கலியாண வீட்டு வாசலில் நிற்கிற கறுப்புக் காரை எப்படிப் பளபளவென்று எடுக்கிறார்? அந்தக் கார் கமராவுக்கு ஏறுகிறதே. கறுப்புப் பொருளை வெளிச்சத்தை அள்ளிக் கொட்டி எடுப்பதில்லை, அதன் மேல் எது மினுங்க வேண்டும் என்று பார்த்து எடுப்பது. காருக்கு வானம், முகத்துக்கு ஒரு வெள்ளைப் பலகை.

இனவாதம் என்றவருக்கு வருகிறேன். உங்கள் கையில் இருக்கும் டிஜிற்றல் கமராவைச் சொல்கிறார் என்றால் மிகை. பிலிம் காலத்தைச் சொல்கிறார் என்றால் அவர் குறைத்தே சொல்கிறார். கொடாக் நிறுவனம் 1950கள் தொட்டு, பிலிம் கழுவி அச்சிடும் கூடங்களுக்கு ஓர் அட்டை அனுப்பியது. அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண். தொடக்கத்தில் அதற்கு நின்றவரின் பெயரால் அதற்கு ஷேர்லி அட்டை என்றே பெயர். ஷேர்லியின் தோல் சரியாக வந்தால் அச்சு சரி. ஒரே படத்தில் வெள்ளைப் பிள்ளையும் கறுப்புப் பிள்ளையும் இருந்தால் கறுப்புப் பிள்ளை இருட்டாகிவிடும், அதைப் பிழை என்று எவரும் எண்ணவில்லை. கனடாவின் கொன்கோர்டியா பல்கலைக்கழகத்து லோர்னா றொத் 2009இல் வெளியிட்ட ஆய்வு இதை விரிவாகச் சொல்கிறது. பிலிமைத் திருத்த வைத்த முறைப்பாடு யாருடையது என்று நினைக்கிறீர்கள்? சொக்கலேட் கம்பனிகளும் மரத்தளபாடக் கம்பனிகளும். கறுப்புச் சொக்கலேட்டும் பால் சொக்கலேட்டும் விளம்பரத்தில் ஒரே மாதிரி விழுகிறது, மரத்தின் வரி தெரியவில்லை என்று அவர்கள் நின்றார்கள். திருத்திய பிலிமின் பெருமையாகச் சொல்லப்பட்டது, மங்கல் வெளிச்சத்தில் கறுப்புக் குதிரையையும் தெளிவாக எடுக்கலாம் என்பது. சொக்கலேட்டும் குதிரையும் வாய்விட்டுச் சொல்லப்பட்டன, மனிதத் தோல் அந்த வரியில் இல்லை. அட்டையில் வெவ்வேறு நிறப் பெண்கள் சேர்ந்து வந்தது 1990களில்தான்.

இதன் மறுபக்கமும் உண்டு. நிறவெறி ஆட்சியில் தென்னாபிரிக்கக் கறுப்பு மக்கள் எந்நேரமும் சுமந்து திரிய வேண்டியிருந்த கடவுப் புத்தகத்துக்குப் படம் எடுக்கப் பொலரொயிட் நிறுவனத்தின் அடையாளப்படக் கமரா பயன்பட்டது. ஃபிளாஷைக் கூட்டும் பொத்தான் ஒன்று அதில் இருந்தது. அந்த நிறுவனத்தில் வேலை செய்த கரோலின் ஹன்டரும் கென் வில்லியம்ஸும் 1970இல் இதைக் கண்டு போராட்டம் தொடங்கினார்கள். 1977இல் நிறுவனம் அங்கிருந்து வெளியேறியது. ஆளைப் பிடித்து வைக்க முகம் வேண்டியிருந்தபோது கறுப்பு முகம் கமராவுக்கு ஏறியிருக்கிறது, பாருங்கள்.

கணினிக் காலத்திலும் அட்டை மாறவில்லை, உள்ளே போய்விட்டது. 2018இல் ஆய்வாளர்கள் ஜோய் புவோலம்வினியும் டிம்னிட் கெப்ருவும் முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் மூன்று கம்பனிகளின் மென்பொருள்களைச் சோதித்தார்கள். வெள்ளைத் தோல் ஆண்களில் பிழை அதிகபட்சம் 0.8 விழுக்காடு. கறுத்த தோல் பெண்களில் 34.7 வரை போனது. யாருடைய முகங்களைக் காட்டிப் பழக்கினார்களோ அவர்களைத்தான் அது நன்றாக அறியும்.

நமக்கு ஒரு சொகுசு இருக்கிறது: கதையைக் கொடாக்கோடு முடித்துவிடலாம். சிங்களத் தொலைநாடகத்தில் தமிழ்ப் பாத்திரத்துக்கு எண்ணெய் வழியும் தலை, பெரிய பொட்டு, கொச்சைச் சிங்களம் என்று வந்தால் கொதிக்கிறோம். அதே பாத்திரத்தை மலையகத்துத் தமிழனாக மாற்றி நம் நகைச்சுவை நாடகங்களில் உலவ விடும்போது சிரிக்கிறோம். தமிழ்நாட்டுச் சினிமாவோ கறுத்த நாயகனுக்குச் சம்மதம், கறுத்த நாயகிக்கு இல்லை என்று பல பத்தாண்டாகச் சொல்லி வருகிறது. கிராமத்துப் பெண் வேண்டுமென்றால் வெள்ளைத் தோல்காரிக்குக் கறுப்புச் சாயம் பூசுவார்கள். கறுப்பியாகவே பிறந்தவள் அங்கே தோழி, இல்லாவிட்டால் சிரிப்புக்கு.

காட்சியை மீள எடுப்பதற்கு வருவோம். பாலம்தான் வேண்டுமென்றால் காலை ஆறரைக்கும் ஏழரைக்கும் இடையில் எடுங்கள். சூரியன் கடல் பக்கத்திலிருந்து முகத்துக்கு வரும், வாவி பின்னால் அடங்கி நிற்கும், படத்தில் அது பின்னேரம் என்றே தோன்றும். பின்னேரம்தான் வசதி என்றால் கடற்கரைக்குப் போங்கள், நாலரைக்கும் ஐந்தரைக்கும் இடையில். கடல் பின்னால், சூரியன் ஊர்ப்பக்கம். கொழும்புக் கடற்கரையில் இது வாய்க்காது. கிழக்கில் பிறந்ததற்கு இந்த ஒரு லாபமாவது எடுத்துக்கொள்ளுங்கள்.

எட்டுக்கு நாலடி வெள்ளை ரெஜிஃபோம் (தெர்மோகோல்) பலகை ஒன்று போதும். நேர் எதிரே பிடிக்காமல் பக்கவாட்டில், கமராவுக்கு அறுபது எழுபது பாகையில் பிடியுங்கள். அக்காவின் கன்ன எலும்பிலும் மூக்கு விளிம்பிலும் நெற்றியிலும் ஒரு நீண்ட மினுக்கம் ஓடும், முகத்தின் வடிவம் எழும்பி வரும். அவர்களைப் பலகைக்கு ஒரே தூரத்தில் நிறுத்த வேண்டாம். சிறிய விளக்கென்றால், அக்கா ஒரு மீற்றரில் நின்று தங்கை 1.4 மீற்றரில் நின்றாலே தங்கைக்குப் பாதி வெளிச்சம், ஒரு ஸ்டொப் தானாகச் சரியாகிவிடும். பலகை பெரிதென்பதால் இந்தக் கணக்கு கொஞ்சம் தளரும், அப்போது தங்கைப் பக்கம் ஒரு கறுப்புத் துணியால் மறையுங்கள். அந்த வெள்ளைச் சட்டையைத் தேயிலைச் சாயத்தில் தோய்த்து எடுங்கள். கமராவுக்கு அது வெள்ளையாகவே தெரியும், ஒளிமானியைக் குழப்பாது. சினிமாவில் பழைய வழக்கம் இது.

அளப்பதைத் தானியங்கியிடம் விடவேண்டாம். அக்காவின் கன்னத்தில் மட்டும் புள்ளி அளவீடு எடுத்து, வருகிற அளவிலிருந்து ஒரு ஸ்டொப் இறக்கிப் பூட்டுங்கள். இறக்காவிட்டால் கமரா அவளையும் நடுச்சாம்பலாக்கி வெளுப்பாக்கிவிடும், அதுவும் பிழைதான். போனில் எடுத்தால் முகத்தில் விரலை அழுத்திப் பூட்டி, "பியூட்டி" என்று இருப்பதைப் பூச்சியத்துக்குக் கொண்டுவாருங்கள். ஃபெயார் அன்ட் லவ்லி என்று 1975இல் வந்த கிறீமின் பெயர் 2020இல் குளோ அன்ட் லவ்லி ஆனது. போனில் இருக்கும் அழகும் அந்தக் குடும்பத்துப் பெயர்தான்.

வீட்டுக்குள் எடுக்கும் காட்சிகளில் மலிவு எல்.ஈ.டி. விளக்கும் ரியூப் லைட்டும் எதிரி. ஆழ்ந்த சிவப்பு அவற்றில் குறைவு, பழுப்புத் தோலின் உயிரே அந்தச் சிவப்பில். விளக்கொளியில் நிறம் எவ்வளவு உண்மையாகத் தெரியும் என்று சொல்லும் நிறக்காட்டு எண் (CRI) 95க்கு மேல் போட்ட விளக்கு ஒன்று வாடகைக்கு எடுங்கள். நம் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், நொடிக்கு 25 சட்டகம் ஓடும்போது ஷட்டர் 1/50 வைத்தால் மினுக்கு அடிக்காது. வெள்ளைச் சுவரில் ஒட்டி நிறுத்தாதீர்கள். சுவருக்குப் போகும் வெளிச்சத்தை மறைத்தால் முகத்துக்கென்றே கமராவைத் திறக்கலாம்.

ஒப்பனையில் பவுடரைத் தூக்கி வையுங்கள். பவுடர் மினுக்கத்தைக் கொல்லும், கறுப்பு முகத்தில் மினுக்கம் போனால் சாம்பல் பூத்ததுபோலத்தான் இருக்கும். அமெரிக்க ஒளிப்பதிவாளர் ஆவா பெர்கோவ்ஸ்கி தன் தொடருக்குச் செய்தது இதன் எதிர்மாறு: ஒளியைத் திருப்பித் தரும் பூச்சை ஒப்பனைக்கு அடியில் போடச் சொன்னார். மட்டக்களப்புக்கு இது புதிதா என்ன? பந்த வெளிச்சத்துக் கூத்துக் களரியில் முடியிலும் புஜத்திலும் கண்ணாடிச் சில்லு பதித்தவர்கள் இதே கணக்கைப் போட்டவர்கள்தான். ஃபவுண்டேஷனை மணிக்கட்டில் பூசிப் பார்க்காமல், பகல் வெளிச்சத்தில் தாடை ஓரத்தில் கழுத்தோடு ஒத்துப் பாருங்கள். ஒரு நிறம் பொருந்தாவிட்டால் இரண்டைக் கலக்க வேண்டும். கலியாண வீட்டில் ஃபிளாஷ் அடித்ததும் மணப்பெண் முகம் மட்டும் பேய்போல் வெளுத்தால், பூச்சில் அல்லது சன் கிறீமில் டைட்டேனியம் டயொக்சைட்டோ சிங்க் ஒக்சைட்டோ இருக்கிறது என்று பொருள்.

இனி அல்பம். மறுக்கச் சொல்லமாட்டேன். மறுத்தால் அந்தத் தாய் அடுத்த கடைக்குப் போவார். வெளிச்சமாக்குவது வேறு, வெளுப்பாக்குவது வேறு. பிள்ளையின் முகத்தை அரை ஸ்டொப், கூடினால் முக்கால் ஸ்டொப் தூக்குங்கள், அது எடுக்கும்போதே கிடைத்திருக்க வேண்டிய வெளிச்சம். ஸ்டூடியோக்களில் நடப்பது என்னவென்றால் ஒரேஞ்ச் நிறத்தின் பிரகாசத்தை ஏற்றி அடர்த்தியை இறக்குவது. பழுப்புத் தோல் அந்த ஒரேஞ்சில்தான் இருக்கிறது, மஞ்சளும் தங்கமும் அதை ஒட்டித்தான். தோலை வெளுத்தால் தாலிக்கொடியும் வெளுத்து வெள்ளிக் கொடி போலாகும். இரண்டையும் அச்சடித்து அந்தத் தாயின் முன் வையுங்கள், கொடியைப் பார்த்ததும் பேச்சு மாறும். "வெள்ளை" என்று அவர் கேட்பது பெரும்பாலும் சாம்பல் பூத்த முகத்தைப் பார்த்த பயத்தில்தான். கலியாணத்துக்கு ஒரு மாதம் முன்பே வெளுப்புக் கிறீம் பூசத் தொடங்கும் பிள்ளைகளிடம் மட்டும் கடுமையாகச் சொல்லுங்கள். பாதரசம் கலந்தவை கடைகளில் கிடக்கின்றன. பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் உலக நாடுகளின் மினமாட்டா உடன்படிக்கை முன்பு பத்து இலட்சத்தில் ஒரு பங்கை எல்லையாக வைத்திருந்தது, 2023இல் அந்த எல்லையையும் எடுத்துவிட முடிவெடுத்தது. பாதரசத்தின் அடி சிறுநீரகத்துக்கு.

நிறம் திருத்தும் மென்பொருளில் வெக்டர்ஸ்கோப் என்ற வட்டத்தைத் திறந்து அக்கா முகத்தையும் தங்கை முகத்தையும் தனித்தனியே போட்டுப் பாருங்கள். சிவப்புக்கும் மஞ்சளுக்கும் நடுவே ஏறத்தாழ ஒரே கோட்டில் இரண்டும் விழும். தோலுக்குள் ஓடும் இரத்தமும் மெலனினும் எல்லாருக்கும் ஒன்று, கூடக் குறைய இருப்பது அளவு. அந்த அண்ணாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாருங்கள்.

ஒளியைச் சரிசெய்துவிடலாம். கதையில்தான் எனக்குத் தடங்கல். கறுப்பு என்பதால் கலியாணமில்லை, ஆகவே அழுகை: நீங்கள் எதிர்க்க நினைக்கும் சினிமாவே அக்காவுக்கு இந்த வேடத்தைத்தான் கொடுத்து வந்திருக்கிறது. பவுடர் பூசி அழும் முகத்தைப் பார்த்து இரங்குகிறவர், அவள் வெள்ளையாக இருந்திருந்தால் நல்லதே என்றுதான் மனதுக்குள் எண்ணுவார். உங்கள் கடிதத்தில் அக்காவைப் பற்றி நிறத்தைத் தவிர ஒரு சொல் இல்லை. அவளுக்கு என்ன தொழில்? தங்கையிடம் எதற்குக் கோபிப்பாள்? பாலத்தடியில் இரண்டு பேரும் எதைப் பற்றித்தான் கதைத்தார்கள்? எழுதி அனுப்புங்கள். அவள் வேலை செய்யும் இடம் தெரிந்தால் அங்கே எந்த நேரம், எந்தப் பக்கத்திலிருந்து பலகை பிடிப்பது என்று சொல்கிறேன்.