வெல்டிங் வேலைக்குப் பின் இரவில் வரும் காய்ச்சல்

கேள்வி: ஆறு ஆண்டுகளாக வெல்டிங் வேலை செய்கிறேன். வயது 34. கால்வனைஸ்டு குழாய்களைப் பற்றவைத்த நாளன்று இரவில் குளிர்காய்ச்சல் வருகிறது. வாயில் உலோகச் சுவை தெரிகிறது. மறுநாள் சரியாகிவிடுகிறது. விடுமுறை முடிந்து வேலைக்குப் போகும் முதல் நாளில்தான் தொல்லை அதிகம். இதனால் ஆபத்து உண்டா?

பதில்: உங்கள் விவரங்களைப் பார்த்தால் இது உலோகப் புகைக் காய்ச்சலாகவே தோன்றுகிறது. கால்வனைஸ்டு குழாய் என்பது துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய். இரும்பு உருகவே ஏறத்தாழ 1,538 டிகிரி செல்சியஸ் வேண்டும். அதன் மேல் பூசிய துத்தநாகமோ 907 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகி, காற்றுடன் சேர்ந்து வெண்புகையாக எழுகிறது. ஒரு மைக்ரானுக்கும் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) சிறிய அத்துகள்கள் மூக்கில் தங்காமல் நுரையீரலின் காற்றறைகள் வரை சென்று அழற்சியை உண்டாக்குவதால், 4 முதல் 12 மணி நேரம் கழித்து, பெரும்பாலும் வீட்டில் இருக்கும்போது, காய்ச்சல் தொடங்குகிறது. நாள்தோறும் புகையைச் சுவாசிக்கும் உடல் அதற்கு ஓரளவு பழகிக்கொள்கிறது. விடுமுறையில் அந்தப் பழக்கம் விட்டுப்போவதால்தான் முதல் நாளில் தொல்லை கூடுகிறது.

இக்காய்ச்சல் ஓரிரு நாளில் தானாகத் தணியும். ஆனால், தணிந்துவிடும் என்ற அந்த நம்பிக்கையே என்னைக் கவலைப்பட வைக்கிறது. காட்மியம் என்ற உலோகம் பூசிய பொருள்களையோ காட்மியம் கலந்த பற்றாசையோ சூடாக்கும்போது எழும் புகையும் முதலில் இதே போன்ற காய்ச்சலைத் தந்து, பின்னர் நுரையீரலில் நீர் கோத்து உயிரையே பறிக்கக்கூடும். ஆகவே மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ வந்தால், அல்லது 48 மணி நேரத்துக்குப் பிறகும் காய்ச்சல் நீடித்தால், உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்; எந்த உலோகத்தில் வேலை செய்தீர்கள், எந்த வெல்டிங் ராடு பயன்படுத்தினீர்கள் என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

காய்ச்சலே தராமல் ஆண்டுக்கணக்கில் கெடுதல் செய்யும் புகைகளும் உண்டு. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைப் பற்றவைக்கும்போது குரோமியமும் நிக்கலும் வெளிவருகின்றன. வெல்டிங் புகையில் உள்ள மாங்கனீசு நரம்பு மண்டலத்தைத் தாக்குகிறது. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2017-இல் வெல்டிங் புகையையே மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் காரணிகளில் சேர்த்தது.

முகத்துக்கு முன் பிடிக்கும் வெல்டிங் கவசம் கண்ணையும் தோலையும்தான் காக்கும். புகை அதன் கீழ்விளிம்பு வழியாக உள்ளே வரும். மூக்கில் கட்டும் துணியாலும் பயனில்லை. பற்றவைக்கும் இடத்துக்கு மிக அருகிலேயே புகையை இழுக்கும் உறிஞ்சுகுழாய் வேண்டும். அது புகையை உங்கள் முகத்தைக் கடந்து இழுக்காதபடி வைக்கப்பட வேண்டும். பற்றவைக்கும் விளிம்பில் உள்ள துத்தநாகப் பூச்சை முன்பே நீக்கிவிடுங்கள். கிரைண்டரால் நீக்கினால் அந்தத் தூசியும் கெடுதல்தான் என்பதால், முகத்தோடு நன்கு பொருந்தும் வடிகட்டி முகமூடியை அப்போதும் அணியுங்கள். தாடி இருந்தால் அது சரியாகப் பொருந்தாது. உடையில் படிந்த தூசியைக் காற்றழுத்தக் குழாயால் ஊதித் தட்டாதீர்கள்.

புகைபிடிப்பவராக இருந்தால் அதை நிறுத்துங்கள். அறிகுறி எதுவும் இல்லாவிட்டாலும் மூச்சின் அளவையும் வேகத்தையும் அளக்கும் ஸ்பைரோமெட்ரி பரிசோதனையை இப்போதே ஒருமுறை செய்துகொள்ளுங்கள். பின்னாளில் நுரையீரலின் திறன் குறைகிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்க அந்த அளவு தேவைப்படும்.