கீமோவுக்கு யார் கூடப் போவது?

கேள்வி: நீடாமங்கலம் பக்கத்தில் ஒரு கிராமத்தில் மகளிர் சுய உதவிக் குழுவின் ஊக்குநராக இருக்கிறேன். குழுவில் 14 பேர். எங்களுக்குக் கணக்கு எழுதும் அக்காவுக்கு 42 வயது. மார்பில் கட்டி வந்து, தஞ்சாவூரில் ஆபரேஷன் செய்து ஒரு பக்கத்தை எடுத்துவிட்டார்கள். போன வாரம் இரண்டாவது கீமோ முடிந்தது. கணவர் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலையில் இருக்கிறார். மாமியார் அவருடைய தட்டு, டம்ளரைத் தனியாக எடுத்து வைத்துவிட்டார். அக்கா கூட்டத்துக்கு வருவதில்லை; நாங்கள் பார்க்கப் போனாலும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. பணம் வசூல் செய்து கொடுக்கலாமா? என்ன செய்தால் அவருக்கு நிஜமாகவே உதவியாக இருக்கும்?

பதில்: பணத்தைப் பற்றி அப்புறம் பேசுவோம். போன வாரம் கீமோ என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் வீட்டில் ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். இல்லையென்றால் மருந்துக் கடையில் வாங்கிக் கொடுங்கள். கீமோ போட்ட ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரைக்கும் ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் ரொம்பவும் இறங்கியிருக்கும். அந்த நாட்களில் 100.4 டிகிரி காட்டினால் பாராசிட்டமால் கொடுத்து, போர்வை போர்த்தி, விடிந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடக் கூடாது. நடுராத்திரி ஆனாலும் கிளம்ப வேண்டியதுதான். வண்டி இல்லையென்றால் 108. ஆஸ்பத்திரிக்குள் நுழைந்ததும் முதல் வார்த்தையாக "கீமோ போட்டுக்கிட்டு இருக்கிறவங்க, காய்ச்சல்" என்று சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் சாதாரணக் காய்ச்சல் வரிசையில் உட்கார வைத்துவிடுவார்கள். ராத்திரி எந்த எண்ணுக்கு போன் செய்தால் யார் பைக் எடுப்பார், யார் கூட ஏறுவார் என்பதை உங்கள் குழு இந்த வாரமே முடிவு செய்து வைத்துக்கொள்ளட்டும்.

அடுத்தது அவர் ஏன் பேசுவதில்லை என்பது. புற்றுநோய்ப் பிரிவில் சமூகப் பணியாளராக இருக்கும் எனக்கு இது தினமும் கேட்கிற புகார்தான். ஹார்லிக்ஸ் பாட்டிலும் ஆரஞ்சுப் பழமுமாக ஆறு பேர் ஒன்றாக உள்ளே வருவார்கள். ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொள்வார். இன்னொருவர், "எங்க சித்தப்பா மகளுக்கும் இதேதான், ஆறு மாசம்கூட இல்லை" என்று ஆரம்பிப்பார். படுத்திருப்பவர் எழுந்து உட்கார்ந்து, புடவையை இழுத்து மூடிக்கொண்டு, வந்தவர்களுக்கு ஆறுதல் சொல்லி அனுப்ப வேண்டியிருக்கும். யாருக்குத்தான் பேசத் தோன்றும்? கும்பலாகப் பார்க்கப் போவதை நிறுத்துங்கள். அவருக்குப் பிடித்த ஒருவர் மட்டும் போகட்டும். போனால் பாத்திரம் கழுவுவது, பிள்ளைக்குத் தலை பின்னிவிடுவது என்று கையில் ஒரு வேலையை எடுத்துக்கொள்ளட்டும். வேலையோடு வேலையாகப் பேச்சு தானாக வரும். வராவிட்டாலும் பரவாயில்லை.

மாமியார் தட்டைத் தனியாக வைத்திருப்பதில் ஒரு குழப்பம் கலந்திருக்கலாம். புற்றுநோய் தொற்றாது. ஒரே தட்டில் சாப்பிடலாம், பிள்ளையைப் பக்கத்தில் படுக்க வைத்துக்கொள்ளலாம். ஆனால் கீமோ போட்ட பிறகு சுமார் இரண்டு நாட்களுக்கு அந்த மருந்து சிறுநீரிலும் வாந்தியிலும் வெளியேறும். அதனால் கழிப்பறையில் இரண்டு முறை தண்ணீர் ஊற்றுங்கள், வாந்தி பட்ட துணியைக் கையுறை போட்டுத் துவையுங்கள் என்று நர்ஸ் சொல்லி அனுப்புவார். இது மருந்துக்காகச் சொல்வது. வீட்டுக்கு வந்து சேருவதற்குள் "ஒட்டிக்கும்னு நர்ஸே சொன்னாங்க" என்று ஆகிவிடும். மாமியாரிடம் யாராவது சண்டை போட்டால் அது இன்னும் இறுகும். அடுத்த முறை அவரையும் கூட்டிப்போய் டாக்டர் வாயாலேயே கேட்க வையுங்கள். "கத்தி பட்டால் பரவிவிடும்" என்ற பேச்சும் உங்கள் ஊரில் இருக்கும். அப்படிப் பயந்து கடைசியில் வருகிறவர்களுக்கு வரும்போதே பரவியிருக்கிறது. பழி கத்தியின் மேல் விழுகிறது.

சரி, பெரிய விஷயத்துக்கு வருவோம். டெல்டாவில் சிகிச்சை பாதியில் நின்றுபோவதற்கு நான் கண்ட காரணங்களில் பணத்துக்குச் சமமாக நிற்பது, துணைக்கு வர ஆள் இல்லாததுதான். கீமோ பெரும்பாலும் 21 நாளுக்கு ஒரு முறை. முதல் இரண்டு தடவை அண்ணன் வருவார், மூன்றாவதுக்கு நாத்தனார் வருவார், நான்காவதுக்கு யாரும் இருக்க மாட்டார்கள். ஜூன் 12-ல் மேட்டூர் திறந்து குறுவை நடவு தொடங்கிவிட்டால் கேட்கவே வேண்டாம். கூட வருகிறவருக்கு ஒரு நாள் கூலி போகும். "அடுத்த வாரம் போய்க்கலாம்" என்பது ஒரு மாதம் ஆகிவிடும்.

கீமோவுக்குப் பிறகு கதிர்வீச்சு தேவைப்பட்டால் அதுதான் நிஜமான சோதனை. ஒரு தடவை மிஷினில் படுத்து எழுந்திருக்கச் சில நிமிடங்கள்தான் ஆகும். ஆனால் திங்கள் முதல் வெள்ளி வரை தினமும் போக வேண்டும். மூன்று வாரம் என்றால் 15 நாள், ஐந்து வாரம் என்றால் 25 நாள். இந்த இடத்தில்தான் உங்கள் குழுவுக்கு வேலை இருக்கிறது. அவரை விட்டால் 13 பேர் இருக்கிறீர்கள். ஆளுக்கு ஒரு நாள், இரண்டு நாள் என்று பிரித்துக்கொண்டால் முடிந்துவிடும் கணக்கு. குழு நோட்டில் ஒரு பக்கத்தில் தேதி, எதிரே பெயர், அதற்குக் கீழே அன்றைக்கு முடியாவிட்டால் போகும் மாற்று ஆள் பெயர். போகிறவருக்கு டிக்கெட்டும் சாப்பாட்டுச் செலவும் குழுவிலிருந்து கொடுங்கள். வசூல் பணத்துக்கு இதைவிட நல்ல செலவு எனக்குத் தெரியவில்லை. பெண்களுக்கு இலவசம் என்பது நகரப் பேருந்தில்தான், தஞ்சாவூர் போகும் புறநகர் பேருந்தில் டிக்கெட் எடுக்க வேண்டும். ரயிலில் புற்றுநோயாளிக்கும் துணைக்கு வரும் ஒருவருக்கும் இரண்டாம் வகுப்பில் 75 சதவீதம் சலுகை உண்டு. நாளைக்கே மன்னை எக்ஸ்பிரஸ் ஏறிச் சென்னைக்குப் போக நேர்ந்தால், ஸ்லீப்பரில் நோயாளிக்கு முழுச் சலுகை, துணைக்கு வருபவருக்கு 75 சதவீதம். ஆஸ்பத்திரியில் அதற்கென்று உள்ள படிவத்தில் டாக்டர் கையெழுத்து வாங்கி, கவுன்டரில் கொடுத்து டிக்கெட் எடுக்க வேண்டும்.

கூடப் போகிறவர்கள் மாறிக்கொண்டே இருப்பதால் ஃபைல் மட்டும் ஒருவர் பொறுப்பில் இருக்கட்டும். மழைக்காலத்தில் ஓர் அம்மா மஞ்சப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்த பயாப்ஸி ரிப்போர்ட் நான்காக மடித்து, மடிப்பில் நனைந்து, சரியாக முக்கியமான வரியே அழிந்திருந்தது. ஜிப் வைத்த பிளாஸ்டிக் ஃபைல் ஒன்று வாங்குங்கள். ஆபரேஷனுக்குப் பிந்தைய திசுப் பரிசோதனை ரிப்போர்ட்டும், கட்டி எந்த வகை என்று காட்டும் ஈஆர், பிஆர், ஹெர்2 என்ற மூன்று முடிவுகள் இருக்கும் ரிப்போர்ட்டும் கட்டாயம் வேண்டும். அடுத்து என்ன மருந்து, எத்தனை வருஷம் என்பதை அந்த மூன்றும்தான் தீர்மானிக்கின்றன. எல்லாத் தாளையும் போனில் போட்டோ எடுத்து வையுங்கள். வேறு ஆஸ்பத்திரிக்கு மாறினால் திசுவை வைத்திருக்கும் மெழுகு பிளாக்கையும் கேட்டு வாங்கிக்கொண்டு போக வேண்டும்.

பணம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. அவரிடம் கார்டு இருக்கிறதா, அதில் அவர் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று வாங்கி, ரேஷன் கார்டு, ஆதாரோடு கலெக்டர் ஆபீஸில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போக வேண்டும். திட்டத்தில் சேர்ந்த தனியார் ஆஸ்பத்திரியில் திட்டத்துக்குள் வரும் சிகிச்சைக்குத் தனியாகப் பணம் கேட்டால், 1800 425 3993 என்ற எண்ணில் புகார் செய்யலாம். நோயாளி பயப்படுவார், நீங்கள் செய்யுங்கள். குடும்பம் சிறு விவசாயியாகவோ விவசாயக் கூலியாகவோ இருந்து உழவர் பாதுகாப்புத் திட்ட அட்டை வைத்திருந்தால், வேலை செய்ய முடியாத நோய்க்காலத்துக்கு மாத உதவித்தொகை கேட்டு மனுக் கொடுக்க முடியும், புற்றுநோயும் அதில் அடக்கம். வசூல் செய்வதானால் அவரைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். போட்டோ போட்டு வாட்ஸாப் ஸ்டேட்டஸ் வைப்பது, கடைத்தெருவில் உண்டியல் வைப்பது எல்லாம் தயவுசெய்து வேண்டாம். பிள்ளைகள் அந்தத் தெரு வழியாகத்தான் பள்ளிக்கூடம் போகிறார்கள்.

சாப்பாட்டில் ஊரே டாக்டர் ஆகிவிடும். மீன் கூடாது, முட்டை கூடாது, கத்தரிக்காய் கூடாது என்று பத்தியம் போட்டு ஆளை வற்றவைத்துவிடுவார்கள். புண் ஆறவும் ரத்தம் ஊறவும் புரதம் வேண்டும். நன்றாக வெந்த முட்டை, விரால் குழம்பு, பருப்பு எல்லாம் கொடுக்கலாம். புதிதாகச் சமைத்ததாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். வாய்ப்புண் இருந்தால் காரத்தைக் குறைத்து, ஆறிய கஞ்சி. நாட்டு மருந்து, கஷாயம் எது கொடுப்பதானாலும் டாக்டரிடம் சொல்லாமல் வேண்டாம். சில மூலிகைகள் கீமோவோடு சேர்ந்து ஈரலைக் கெடுக்கும்.

முடி இந்நேரம் கொட்டியிருக்கும். அவர் வெளியே வராததற்கு அதுவே காரணமாகவும் இருக்கலாம். நம் பக்கத்தில் இதற்கு ஒரு வசதி உண்டு. வைத்தீஸ்வரன் கோயிலிலும் சமயபுரத்திலும் மொட்டை போட்டுக்கொண்டு வரும் பெண்களை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. "வேண்டுதல்" என்று ஒரு வார்த்தை சொன்னால் அடுத்த கேள்வி வராது. ஆனால் வெள்ளை அணு குறைந்திருக்கும் வாரத்தில் கூட்டத்துக்கும் கோயில் குளத்துக்கும் போக வேண்டாம், சவரக்கத்தியும் வேண்டாம். வீட்டிலேயே டிரிம்மரில் எடுத்துவிடலாம். மார்பு எடுத்த பக்கத்துக்கு, புண் முழுதும் ஆறிய பிறகு, பருத்தித் துணியில் பஞ்சு வைத்து அளவாக ஒரு பேட் தைத்துத் தரலாம். குழுவில் தையல் தெரிந்தவர் இருப்பாரே. கடைசி வரை பஞ்சு மட்டும் வைத்தால் லேசாகி மேலே ஏறிவிடும், கொஞ்சம் கனம் வேண்டும். ரவிக்கையில் உள்பக்கமாக ஒரு பை வைத்துத் தைத்தால் நகராது.

அக்குளில் நெறிக்கட்டிகளை எடுத்திருந்தால் அந்தப் பக்கத்துக் கை பிற்பாடு வீங்கலாம். சின்ன வெட்டு, சேற்றுப்புண் வழியாகக் கிருமி புகுந்தால் அது வேகமாக நடக்கும். சிகிச்சை எல்லாம் முடிந்து வயலுக்கு இறங்குகிறேன் என்றால் டாக்டரைக் கேட்டுவிட்டு, ரப்பர் கையுறையோடு இறங்கட்டும். அந்தக் கையில் இறுக்கமான வளையல் வேண்டாம். ரத்த அழுத்தம் பார்க்கவும் ஊசி போடவும் மற்றக் கையை நீட்டச் சொல்லுங்கள். கை சிவந்து சூடாக இருந்தால் அன்றைக்கே காட்ட வேண்டும். "ஒரு குடம்கூடத் தூக்கக் கூடாது" என்ற பழைய உபதேசம் இப்போது இல்லை. பயிற்சி செய்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கனத்தைக் கூட்டிக்கொண்டு போகலாம். சுவரோரம் நின்று விரல்களால் மேலே ஏறுகிற பயிற்சியைப் பெரும்பாலும் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். சுவரில் பென்சிலால் தேதி போட்டுக் குறித்தால் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று தெரியும்.

ஈஆர், பிஆர் பாசிட்டிவ் என்றால், அதாவது ஹார்மோனால் வளர்கிற கட்டி என்றால், ஹார்மோனைத் தடுக்கும் மாத்திரை ஐந்து வருஷம், சிலருக்குப் பத்து வருஷம். உடம்பு தேறியதும் பலர் நிறுத்திவிடுகிறார்கள். சந்தா கட்டுகிற கூட்டத்தில் மாதாமாதம் "மாத்திரை வாங்கியாச்சா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

நீங்கள் 13 பேரும் எப்போது பரிசோதித்துக்கொள்ளப் போகிறீர்கள்? 30 வயது தாண்டிய பெண்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் மார்பையும் கர்ப்பப்பை வாயையும் இலவசமாகப் பரிசோதிக்கிறார்கள். நடவு நாளில் முகாம் வைத்தால் யாரும் போக மாட்டார்கள். அடுத்த கிராம சபையில் எழுந்து, வேலை இல்லாத பருவத்தில், மறைவான அறையில், பெண் நர்ஸை வைத்து நடத்த வேண்டும் என்று தீர்மானம் போடச் சொல்லுங்கள். ஒருவர் கேட்டால் தள்ளிவிடுவார்கள், 13 பேர் கையெழுத்தோடு கேட்டால் எழுதிக்கொள்வார்கள்.

அவருடைய கடன் தவணையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அவர் மனசில் அது ஓடிக்கொண்டிருக்கும். கூட்டத்தில் பேசி, இத்தனை மாதத்துக்குத் தள்ளி வைக்கிறோம் என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதி, கையெழுத்தோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். கணக்கு நோட்டையும் அப்படியே எடுத்துப் போங்கள். புதிதாக ஆள் போட்டிருந்தால் மாற்றிக்கொள்ளலாம். ஆபரேஷன் வலது பக்கம் என்றாலும் எழுதலாம், அந்தக் கைக்கு அது நல்லதுதான்.