பேரனுக்கு எதற்கு இரண்டு மொழி? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: என் மகள் அமெரிக்காவில், டெக்சஸ் மாநிலத்துச் சான் அந்தோனியோவில் வசிக்கிறாள். மருமகன் மெக்சிகோக்காரர். பேரனுக்கு இரண்டே கால் வயது. தகப்பன் அவனிடம் ஸ்பானிஷிலும் மகள் ஆங்கிலத்திலும் பேசுகிறார்கள். அவன் பேசுவதே குறைவு. பேசினாலும் ‘மோர் லெச்சே’ என்று ஆங்கிலத்தையும் ஸ்பானிஷையும் ஒட்டிப் பால் கேட்கிறான். இரண்டு மொழியைத் திணித்ததால் பிள்ளை குழம்பிவிட்டான், ஒன்றை நிறுத்தச் சொல்லுங்கள் என்கிறார்கள் அக்கம்பக்கத்தார். சொல்லலாமா?
— வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: சொல்ல வேண்டாம், அம்மா. நீங்கள் குறையாக எழுதியிருக்கும் அந்த ‘மோர் லெச்சே’யைத்தான் நான் நல்ல செய்தியாக எடுத்துக்கொள்கிறேன். இரண்டு வயதையொட்டி ஒரு குழந்தை இரண்டு சொற்களைச் சேர்த்துப் பேசத் தொடங்க வேண்டும் என்பதே மருத்துவர்கள் பார்க்கும் அளவுகோல். அந்த இரண்டும் ஒரே மொழியில் இருந்தாக வேண்டும் என்று எவரும் கேட்பதில்லை. உங்கள் பேரன் சேர்த்துவிட்டான். கைக்கு எட்டிய சொல்லை எடுத்துக் காரியத்தை முடித்திருக்கிறான், அவ்வளவுதான். “பசார் பக்கம் போனால் மீ கோரேங் தாப்பாவ் பண்ணிக்கொண்டு வா” என்று மலேசியாவில் நாமும்தான் மலாய், சீனச் சொற்களை ஒட்டிச் சொல்கிறோம். அதைக் கேட்டு எவரும் நம்மைக் குழம்பியவர் என்பதில்லையே!

பேச்சுக் குறைவு என்பதையும் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். ஆங்கிலச் சொற்களை மட்டும் எண்ணினால் அவன் பின்தங்கியவனாகத் தெரிவான். ஸ்பானிஷை மட்டும் எண்ணினாலும் அப்படியே. மயாமியில் ஸ்பானிஷும் ஆங்கிலமும் கேட்டு வளர்ந்த எட்டு முதல் முப்பது மாதம் வரையிலான குழந்தைகளை பார்பரா பியர்சனும் அவருடைய குழுவினரும் ஆராய்ந்து 1993-இல் வெளியிட்ட கட்டுரை, இரு மொழிச் சொற்களையும் சேர்த்துக் கணக்கிட்டால் அவர்கள் ஒரு மொழிக் குழந்தைகளுக்குப் பின்தங்கியவர்கள் அல்லர் என்று காட்டியது. ஆகவே மகளிடம் ஒரு தாளில் இரு மொழிச் சொற்களையும் ஒரு வாரம் குறித்துவரச் சொல்லுங்கள். அப்போதும் சொற்கள் மிகக் குறைவாக இருந்தாலோ, கூப்பிட்டால் அவன் திரும்பாமல் இருந்தாலோ, முதலில் காதைப் பரிசோதித்துவிட்டுப் பேச்சுப் பயிற்சியாளரிடம் போகட்டும்; இரண்டு மொழியிலும் சோதிக்கும்படி கேட்கவும் வேண்டும். மொழியை நிறுத்துவது அதற்கு வைத்தியம் ஆகாது.

மேலும், ஒன்றை நிறுத்துவதென்றால் நிற்கப்போவது எது என்று எண்ணிப் பாருங்கள். ஆங்கிலம் அந்த ஊரில் தொலைக்காட்சி வழியாகவும் பாலர் பள்ளி வழியாகவும் அழைக்காமலே வீட்டுக்குள் வந்துவிடும். ஸ்பானிஷுக்கோ, வேலை முடிந்து வரும் தகப்பனின் அந்த ஒன்றிரண்டு மணி நேரம்தான் உயிர். தாய்க்கு ஒரு மொழி, தகப்பனுக்கு ஒரு மொழி என்ற முறை பழையது. பிரெஞ்சு மொழியியலாளர் ஜூல் ரொன்ஜா தம் மகனைப் பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் வளர்த்ததை 1913-இல் நூலாகவே எழுதினார். ஆனால் முறையைவிட எனக்கு முக்கியமாகப் படுவது நேரக் கணக்கு. குளிப்பாட்டுவதும் இரவில் கதை சொல்வதும் தகப்பன் பொறுப்பாகட்டும். மெக்சிகோவில் இருக்கும் பாட்டியும் தினம் கைப்பேசியில் வரட்டும்.

கேள்வி: ஸ்பானிஷைப் பிறகு பள்ளியில் படித்துக்கொள்ளட்டும் என்கிறாள் மகள். சான் அந்தோனியோவில்தான் எங்கு பார்த்தாலும் ஸ்பானிஷ்காரர்கள் இருக்கிறார்களாமே?

பதில்: அந்த நகரத்தில் பாதிக்கும் மேற்பட்டோர் ஹிஸ்பானிய வழியினர், அதாவது ஸ்பானிஷ் பேசும் நாடுகளில் வேர் உள்ளவர்கள் என்பது உண்மை. ஆனால் அவர்களில் ஸ்பானிஷ் பேசத் தெரியாதவர்களும் நிறைய. பள்ளியில் ஸ்பானிஷ் பேசினால் தண்டனை என்ற காலம் டெக்சசில் இருந்தது. அதை அனுபவித்த பெற்றோர் பலர், தம் பிள்ளைகளுக்கு அந்த வலி வேண்டாமென்று ஆங்கிலத்திலேயே வளர்த்துவிட்டார்கள்.

பள்ளியை நம்புவதிலும் ஒரு சிக்கல் உண்டு. கியூபாவிலிருந்து வந்த அகதிகள் குடியேறிய மயாமியில், கோரல் வே பள்ளி 1963-இல் இரு மொழியிலும் பாடம் நடத்தத் தொடங்கியது. கலிபோர்னியாவிலோ 1998-இல் மக்கள் வாக்களித்து இருமொழிக் கல்வியைப் பெரிதும் முடக்கினார்கள். 2016-இல் மறுபடி வாக்களித்து அந்தத் தடையை நீக்கினார்கள். இடையில் போன பதினெட்டு ஆண்டுகளில் ஒரு தலைமுறையே படித்து முடித்துவிட்டது.

நம் கதையும் இதற்குத் தொலைவில் இல்லை. பினாங்கில் 1816-இல் தொடங்கிய தமிழ் வகுப்பு இன்று ஐந்நூறுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளாக வளர்ந்திருக்கிறது. ஆயினும் தோட்டத்துப் பிள்ளைக்குப் பேச்சைக் கொடுத்தவை பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட ஆயாக் கொட்டகையும், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்து வாசலும், கோயில் திருவிழாவும்தான். பள்ளி எழுத்தைக் கொடுத்தது. தோட்டம் துண்டாடப்பட்டுக் குடும்பங்கள் பட்டணத்து அடுக்குமாடிக்குப் போனபின், எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தும் பாட்டி கேட்டால் பதில் சொல்லத் தயங்கும் பேரப்பிள்ளைகளை நீங்களே பார்த்திருப்பீர்கள். பள்ளி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வீட்டில் கேட்ட காதோடு பிள்ளை பள்ளிக்குப் போக வேண்டும் என்கிறேன்.

கேள்வி: இதற்கு நடுவில் நான் தமிழில் பேசினால் சுமையாகிவிடாதா?

பதில்: ஆகாது, தாராளமாகப் பேசுங்கள். நீங்கள் காலையில் பசியாறும் நேரம் அங்கே முந்தின நாள் மாலை, பேரனும் விழித்திருப்பான். உங்கள் தமிழால் அவனுடைய ஸ்பானிஷ் கெட்டுப்போகாது. சொல்லப்போனால் இரண்டுக்கும் சில ஒற்றுமைகள் உண்டு. நமக்கு நீ, நீங்கள் என்பதுபோல அவர்களுக்குத் தூ, உஸ்தேத். நம் ர, ற போல அவர்களுக்கும் இரண்டு ஒலி: ‘பெரோ’ என்றால் ‘ஆனால்’, ‘பெர்ரோ’ என்றால் நாய். கரிக்கும் கறிக்கும் உள்ள வேறுபாட்டை நாம் எழுத்தில் மட்டும் காப்பாற்றிவிட்டுப் பேச்சில் கோட்டைவிட்டோம். அவர்கள் பேச்சிலேயே காப்பாற்றுகிறார்கள்.

வாரத்துக்கு ஒருமுறை அழைத்தால் பேரன் தமிழ் பேசிவிடுவான் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள். பேச்சாக வளர வேண்டுமானால் மகளும் நாள்தோறும் கொஞ்சம் தமிழ் பேச வேண்டும். அது அவள் எடுக்க வேண்டிய முடிவு. இப்போதைக்கு ஒரே கேள்வியை, “பசியாறிட்டியா?” என்பதை, ஒவ்வொரு முறையும் அவன் சாப்பிடும் தட்டைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். அவன் ‘சீ’ என்று ஸ்பானிஷில் ஆம் சொன்னாலும் திருத்தாதீர்கள். கேள்வி அவனுக்குப் புரிந்திருக்கிறது.