நெட்வொர்க் ப்ரோக்ராம் ஓடினால் நீலத்திரை: எங்கே தேடுவது?

கேள்வி: சர்வர்கள் உயிரோடு இருக்கின்றனவா என்று சோதிக்க ஒரு ப்ரோக்ராம் எழுதினேன். 10 த்ரெட் (ஒரே ப்ரோக்ராமுக்குள் ஒரே நேரத்தில் ஓடும் வேலைகள்) வரை நன்றாக ஓடுகிறது. 300 த்ரெட் போட்டால் சில நிமிடங்களில் விண்டோஸ் நீலத்திரை காட்டி ரீஸ்டார்ட் ஆகிறது. கோடில் தவறு எதுவும் சிக்கவில்லை. என்ன செய்வது?

பதில்: கோடுக்குள் தேடுவதை முதலில் நிறுத்துங்கள். சாதாரண ப்ரோக்ராமில் எவ்வளவு பெரிய தவறு இருந்தாலும் அந்த ப்ரோக்ராம் மட்டும்தான் விழ வேண்டும். விண்டோஸும் சேர்ந்து விழுந்தால், விண்டோஸின் மையப் பகுதியான கெர்னலுக்குள் ஓடும் ஒரு டிரைவரையோ ஹார்ட்வேரையோதான் சந்தேகிக்க வேண்டும். த்ரெட்களைக் குறைத்தால் நீலத்திரை வராமல் போகலாம். கோளாறு அங்கேயேதான் இருக்கும்.

பல கோர்கள் ஒரே நேரத்தில் பாக்கெட்களைக் கையாளும்போது, டிரைவர் சரியாக லாக் (ஒரு நேரத்தில் ஒரு கோர் மட்டும் தொட வைக்கும் பூட்டு) போடாமல் விட்டிருந்தால், ஒரு கோர் விடுவித்த மெமரியை இன்னொரு கோர் தொட்டுவிடும். 10 த்ரெட்டில் இந்த மோதல் அபூர்வம்.

சரி, எந்த டிரைவர்? அதே ப்ரோக்ராமை, உங்கள் கணினியையே குறிக்கும் 127.0.0.1 முகவரிக்கு, அதே 300 த்ரெட்டில் ஓட்டிப் பாருங்கள். இப்படித் தனக்கே அனுப்பிக்கொள்ளும் லூப்பேக் போக்குவரத்து நெட்வொர்க் கார்டைத் தொடாது. இப்போது நீலத்திரை வரவில்லை என்றால் கார்டின் டிரைவர் மேல் சந்தேகம் வலுக்கிறது. கார்டு தயாரிப்பாளரின் புதிய டிரைவரைப் போடுங்கள், அல்லது யூஎஸ்பி நெட்வொர்க் அடாப்டர் ஒன்றைச் செருகிச் சோதியுங்கள். லூப்பேக்கிலும் விழுந்தால் ஆன்டிவைரஸ், ஃபயர்வால், விபிஎன் மென்பொருள்களைப் பாருங்கள். அவற்றை ஆஃப் செய்தால் மட்டும் போதாது, அவற்றின் டிரைவர் கெர்னலில் லோடாகியே இருக்கலாம். அன்இன்ஸ்டால் செய்துதான் சோதிக்க வேண்டும்.

அப்புறம், விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் மினிடம்ப் ஃபைல்களை (நீலத்திரை வந்த நேரத்தின் பதிவுகள்) மைக்ரோசாஃப்டின் விண்ட்பக் (WinDbg) கருவியில் திறந்து அனலைஸ் (!analyze -v) கட்டளை கொடுங்கள். டிசிபிஐபி (tcpip.sys), என்டிஐஎஸ் (ndis.sys) போன்ற மைக்ரோசாஃப்ட் நெட்வொர்க் டிரைவர்களின் பெயர் வந்தால் அதோடு நின்றுவிடாதீர்கள். பெரும்பாலும் அவை வேறு யாரோ கெடுத்த மெமரியில் இடறியவை. ஸ்டாக்கில் (விழுந்த நேரத்தில் ஒன்றையொன்று அழைத்தவற்றின் பட்டியல்) அடுத்தடுத்து வரும் மற்ற நிறுவன டிரைவர்களைக் கவனியுங்கள். ஒவ்வொரு டம்ப்பிலும் வேறு வேறு பெயர் வந்தால், ஒரு இரவு முழுக்க ரேம் சோதனை ஓட்டுவது அவசியம்.

இத்தனைக்கும் பிடிபடவில்லை என்றால் விண்டோஸிலேயே இருக்கும் டிரைவர் வெரிஃபையர் என்ற சோதனைக் கருவியை, மைக்ரோசாஃப்ட் அல்லாத டிரைவர்களுக்கு மட்டும் இயக்குங்கள். டிரைவர் தவறு செய்வதைக் கண்டுபிடித்தால், அது அந்த இடத்திலேயே நீலத்திரையோடு நிறுத்திக் காட்டும். பூட் ஆகும்போதே நீலத்திரை வரலாம் என்பதால், சேஃப் மோடில் நுழைந்து வெரிஃபையரை ரீசெட் செய்யும் வழியை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். முக்கியமான ஃபைல்களுக்கு பேக்கப் எடுத்த பிறகே தொடங்குங்கள்.