படுக்கையறைக்கு எந்த ஈரப்பதமூட்டி?

கேள்வி: கனடாவின் ஸ்காபரோவில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிக்கிறோம். டிசம்பர் பிறந்ததிலிருந்து என் ஐந்து வயது மகனுக்கு விடியற்காலையில் மூக்கில் இரத்தம் கசிகிறது. மாமியாருக்குக் கைவிரல்கள் வெடித்து எரிகின்றன. ஈரப்பதமூட்டி வாங்கக் கடைக்குச் சென்றால் நீராவி வகை, மீயொலி வகை, விசிறி வகை என்று மூன்றைக் காட்டுகிறார்கள். புகைபோல நீர்த்துளிகள் நிறைய வெளிவரும் மீயொலிக் கருவியே சிறந்தது என்று விற்பனையாளர் சொன்னார். எதை வாங்குவது?
– வாசகி, ஸ்காபரோ

பதில்: கருவி வாங்குவதற்கு முன், பத்துப் பதினைந்து டாலருக்குக் கிடைக்கும் ஓர் ஈரப்பதமானியை வாங்கி, மகனின் கட்டிலருகே இரண்டு மூன்று இரவுகள் வைத்துப் பாருங்கள். வெளியே −10 டிகிரி குளிரில் ஒரு கனமீட்டர் காற்றில் இரண்டரை கிராம் நீராவிகூட அடங்காது. அதே காற்று வீட்டுக்குள் நுழைந்து 21 டிகிரிக்குச் சூடாகும்போது சுமார் 18 கிராம் வரை ஏற்கும் திறனைப் பெறுகிறது. ஆனால் அதில் இருப்பது வெளியிலிருந்து கொண்டுவந்த இரண்டு கிராம்தான். ஈரப்பதம் 10 அல்லது 15 சதவீதமாகச் சரிவதும், அந்தக் காற்று மகனின் மூக்கிலிருந்தும் மாமியாரின் விரல்களிலிருந்தும் ஈரத்தை உறிஞ்சுவதும் இதனால்தான். எனினும் எல்லா வீடுகளும் ஒன்றல்ல. காற்றுப் புகாதபடி கட்டப்பட்ட சிறிய குடியிருப்பில் ஐந்தாறு பேர் வாழ்ந்து, நாள்தோறும் சோறு வடித்து, குளித்து, துணியும் உலர்த்தினால், ஈரப்பதம் தானாகவே 35 சதவீதத்தைத் தொட்டிருக்கலாம். அப்படியானால் கருவி தேவையில்லை. மூக்கில் இரத்தம் வருவதற்கு வேறு காரணம் உண்டா என்று மருத்துவரிடம் கேட்க வேண்டும். கருவி வாங்கினாலும்கூட, கசிவு அடிக்கடி வந்தால் மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடாதீர்கள்.

மானி 30 சதவீதத்துக்குக் கீழே நின்றால் கருவி பயன் தரும். கண்ணுக்குத் தெரியும் புகையை வைத்து அதன் திறனை மதிப்பிடுவது தவறு என்பதே என் உறுதியான கருத்து. மீயொலிக் கருவியில் ஒரு சிறிய தகடு நொடிக்குப் பல லட்சம் முறை அதிர்ந்து நீரை நுண்துளிகளாகச் சிதறடிக்கிறது. நீர் ஆவியாவதில்லை, சிதறுகிறது; ஆகவே அதில் கரைந்துள்ள சுண்ணாம்பும் பிற உப்புகளும், தொட்டியில் வளர்ந்த கிருமிகளும் துளியோடு சேர்ந்து காற்றில் கலக்கின்றன. ஒன்டாரியோ ஏரியிலிருந்து வரும் குழாய்நீர் குடிப்பதற்கு நல்லதே, ஆனால் ஓரளவு கடினத்தன்மை உள்ளது. அதை மீயொலிக் கருவியில் ஊற்றினால் சில நாள்களில் மேசையிலும் தொலைக்காட்சித் திரையிலும் வெண்தூள் படியும். அதே தூளைத்தான் குழந்தையும் சுவாசிக்கிறது. காய்ச்சி வடித்த நீரை மட்டும் ஊற்றுவதானால் இக்குறை நீங்கும், ஆனால் குளிர்காலம் முழுவதும் அந்த நீரைக் குடம் குடமாகச் சுமந்து வர வேண்டியிருக்கும்.

நீராவி வகை நீரைக் கொதிக்க வைக்கிறது. உப்புகள் பாத்திரத்திலேயே தங்கிவிடும், கிருமிகளும் பெரும்பாலும் மடிந்துவிடும். ஆனால் ஒரு லிட்டர் நீரை ஆவியாக்கக் கிட்டத்தட்ட 0.7 யூனிட் மின்சாரம் செலவாகும். அதைவிட முக்கியமாக, கொதிநீர் நிறைந்த கருவியை ஐந்து வயதுச் சிறுவன் ஓடியாடும் அறையில் வைப்பதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்.

உங்கள் வீட்டுக்கு விசிறி வகையே ஏற்றது. நனைந்த திரி போன்ற வடிகட்டியின் வழியே விசிறி காற்றைச் செலுத்துகிறது. நீர் இயல்பாக ஆவியாகிறது, உப்புகள் வடிகட்டியிலேயே படிந்துவிடுகின்றன. புகை எதுவும் தெரியாததால் கருவி வேலை செய்யவில்லை என்று எண்ண வேண்டாம். அறையில் ஈரம் கூடக் கூட ஆவியாவது தானாகவே குறையும் என்பதால், அளவு மீறும் அபாயமும் குறைவு. விசிறியின் சத்தமும், இரண்டொரு மாதத்துக்கு ஒருமுறை வடிகட்டி மாற்றும் செலவும் இதன் குறைகள். வடிகட்டியின் விலையையும் அது எளிதில் கிடைக்கிறதா என்பதையும் வாங்கும் முன்பே விசாரியுங்கள்.

பெரிய கருவி வாங்கவும் வேண்டாம். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் சுமார் 27 கனமீட்டர் காற்று இருக்கும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அது முழுவதும் மாறுகிறது என்று வைத்துக்கொண்டால், 15 சதவீதத்தை 35 ஆக உயர்த்தி நிலைநிறுத்த மணிக்கு ஏறத்தாழ 50 கிராம் நீர் போதும். கதவைச் சாத்தி வைத்தால் ஓர் இரவுக்கு அரை லிட்டர். கதவு திறந்திருந்தால் இன்னும் கூடுதலாகத் தேவைப்படும். எப்படியும் மூன்று லிட்டர்த் தொட்டி தாராளம். கை முழுவதும் உள்ளே நுழைந்து தேய்க்கும்படி தொட்டியின் வாய் அகலமாக இருக்கிறதா என்பதையே கடையில் முதலில் பாருங்கள். நாள்தோறும் பழைய நீரைக் கொட்டித் தொட்டியை உலர்த்த வேண்டும். மூன்று நாளுக்கொருமுறை வினாகிரி கலந்த நீரால் உப்புப் படிவை நீக்கி, நன்றாக அலச வேண்டும். இதைச் செய்ய இயலாத வீட்டில் ஈரப்பதமூட்டி இல்லாமலிருப்பதே நல்லது, ஏனெனில் அழுக்கான தொட்டியிலிருந்து வரும் காற்று நுரையீரல் அழற்சியையே உண்டாக்கக்கூடும்.

கேள்வி: எங்களிடம் ஏற்கெனவே மீயொலிக் கருவி இருக்கிறது. கொதிக்க வைத்து ஆறிய நீரை ஊற்றினால் போதாதா? கிருமிநாசினி சில துளிகள் சேர்க்கலாமா? யூக்கலிப்டஸ் தைலம் விடலாமா?
– வாசகர், மொன்றியல்

பதில்: கொதிக்க வைப்பது கிருமிகளைக் கொல்லும், கரைந்த உப்புகளில் ஒரு பகுதி கெண்டியில் படியும், மீதி நீரிலேயே இருக்கும். ஆகவே வெண்தூள் முற்றிலும் நிற்காது. தைலம் பிளாஸ்டிக் பாகங்களைக் கெடுக்கும். சிறு குழந்தைகளின் மூச்சுக்குழாயை உறுத்தவும் கூடும்.

கிருமிநாசினியை எக்காரணம் கொண்டும் நீரில் சேர்க்காதீர்கள். தென் கொரியாவில் ஈரப்பதமூட்டி நீரில் கலப்பதற்கென்றே 1994 முதல் கிருமிநாசினிகள் விற்கப்பட்டன. கர்ப்பிணிகளும் குழந்தைகளும் விளங்காத நுரையீரல் நோயால் இறக்கத் தொடங்கிய பின், 2011 இல்தான் அந்த மருந்தே காரணம் என்று தெரியவந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அதனால் மாண்டனர். தோலில் பட்டால் தீங்கு செய்யாத பொருள்கூட நுண்துளியாகி நுரையீரலின் ஆழத்துக்குச் சென்றால் நஞ்சாகலாம். குழந்தைகளுக்காக அக்கறையோடு வாங்கியவர்கள் அந்தப் பெற்றோர் என்பதை எண்ணும்போது மனம் பதறுகிறது. கழுவும்போது எதைப் பயன்படுத்தினாலும், அதன் வாடை முற்றிலும் நீங்கும்வரை அலசிய பிறகே நீர் நிரப்புங்கள்.

கேள்வி: மகளின் வீணைக்காக, வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸோடு இணைந்த ஈரப்பதமூட்டியை 45 சதவீதத்தில் வைத்தோம். ஜன்னல்களில் நீர் வழிந்து, சட்டங்களில் கறுப்புப் பூஞ்சை பிடித்துவிட்டது. என்ன செய்வது?
– வாசகர், மார்க்கம்

பதில்: வறண்ட காற்றில் பலாமரம் சுருங்கி வெடிக்கும் என்ற உங்கள் அச்சம் நியாயமானதே. ஆனால் ஒரு வீணைக்காக வீடு முழுவதையும் ஈரமாக்க வேண்டியதில்லை. கனடாவின் மத்திய சுகாதாரத் துறை குளிர்காலத்துக்குப் பரிந்துரைப்பது 30 சதவீதத்தை ஒட்டிய அளவே. வெளியே −20 டிகிரிக்கு இறங்கும் நாள்களில் அதை 25க்குக் குறைக்க வேண்டும். இல்லையேல் குளிர்ந்த கண்ணாடியில் நீர் படிவதைத் தடுக்க முடியாது. வீணையை வெளிச்சுவர் இல்லாத உள்ளறையில், சூடான காற்று வரும் துவாரத்திலிருந்து தள்ளி, பெட்டிக்குள் வைத்து மூடி, இசைக்கருவிகளுக்கென விற்கப்படும் ஈரப்பதப் பைகளை உள்ளே போடுங்கள். ஒரு சிறிய மானியும் பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும். ஃபர்னஸில் உள்ள ஈரப்பதத் தட்டை ஆண்டுக்கொருமுறை மாற்றுங்கள். பூஞ்சையைச் சோப்பு நீரால் துடைத்து உலர்த்திய பின்னும் அது திரும்ப வந்தால், ஜன்னல் சட்டத்துக்குள் நீர் இறங்கியிருக்கிறதா என்று தச்சரிடம் காட்டிவிடுங்கள்.